தோட்டத்துத் தோடி

ரிங்லெட்,
11-2-1979

அன்புள்ள அத்தானுக்கு, பரமேஸ்வரி எழுதுவது.

இங்கே நானும் அத்தையும் மூக்கடைப்பைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. நாலு பக்கத்துக்கு எனக்குப் புத்தி சொல்லி எழுதியிருக்கிறீர்கள். உடம்பு நன்றாக இருக்கிறவரால்தான் அது முடியும்.

கடிதத்தை வழக்கம்போல அத்தைக்குப் படித்துக் காட்டினேன். வானொலி நிலையத்துக்குப் போய் ரெங்கசாமி சாரிடம் மன்னிப்புக் கேட்டுவிடு, அவருடைய மச்சான்தான் இங்கே என் ஆபீஸுக்குப் பெரியவர், அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் சித்திரைக்குள் எனக்கு மாறுதல் கிடைத்து ஊருக்கே வந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம் வந்ததும் அத்தை ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். பெற்ற தாய் அல்லவா. நீங்கள் குவாந்தானுக்கு வேலைக்குப் போனதிலிருந்து பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போகிறவர்கள். என்ன சொல்வார்கள்?

எனக்கு மட்டும் ஆசை இல்லையா? இருக்கிறது. ஆனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஏன் என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மாதம் ஒருமுறை நான் வானொலிக்குத் தயாரித்துக் கொடுக்கும் 'மலையிலிருந்து அரைமணி' இந்த வட்டாரத்துக்கு மட்டும்தான் கேட்கும். இந்தச் சித்திரை முதல் நாள் நிகழ்ச்சியை மட்டும் நாடு முழுக்க ஒலிபரப்பப் போகிறார்கள். இதுவரை யார் யார் பாடினார்கள்? தானா ராத்தா ஆஸ்பத்திரி டாக்டரின் மனைவி பாடினார். மின்சார வாரியத்து எஞ்சினியர் வயலின் வாசித்தார். எல்லாரும் நன்றாகத்தான் செய்தார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மலை என்று பெயர் வைத்துவிட்டு, இந்த மலையில் தேயிலைக் கூடை சுமக்கிறவர்களிலும் ஃபேக்டரியில் நிற்கிறவர்களிலும் ஓர் ஆள்கூட வராத நிகழ்ச்சியைத் தயாரிக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

அதனால்தான் முருகையா அண்ணனைக் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர், ஃபேக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் போடுகிறவர் என்பதால் உங்களுக்கு அவர் அருமை தெரியாமல் போயிருக்கலாம். பினாங்குக் கோயில் மேளக்காரரிடம் முறையாக நாகசுரம் படித்தவர். நம் மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை அவர் தோடி வாசித்தால், தோட்டத்து லயத்து வீடுகளில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறவர்கள்கூட, முடியட்டும் என்று நிறுத்திவைத்துவிட்டு அப்புறம் தொடர்வார்கள்.

ஒலிப்பதிவை ஃபேக்டரியில் தேயிலை ருசி பார்க்கும் அறையில் வைத்தேன். இந்தக் குளிரில் நாகசுரத்தில் ஊதும் சீவாளி விறைத்துப் போகும், அந்த அறையில்தான் சுவருக்குப் பின்னால் காய வைக்கும் இயந்திரத்தின் சூடு இருக்கிறது. சுவரும் கனம். ரோலர் சத்தம் ஒரு துளி உள்ளே வரவில்லை. தோட்டத்து மேனேஜர் துரையே வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போனார். முருகையா அண்ணன் தோடி வாசித்தார், கல்யாணி வாசித்தார். கந்தன் தவில். சாமி புறப்பாட்டு மல்லாரி மட்டும் வாசிக்க முடியாது என்றுவிட்டார். "சாமி எழும்பாம மல்லாரி எப்படி டீச்சர்? மிஷினுக்கா வாசிக்கிறது?" என்றார். நான் வற்புறுத்தவில்லை.

ஒலிநாடாவைக் கொண்டுபோய்க் கொடுத்த நாலாவது நாள் ரெங்கசாமி கூப்பிட்டனுப்பினார். சுருதி நிற்கவில்லை, போகப் போக ஏறுகிறது, இது கோயில் வாசலுக்குச் சரி, சாஸ்திரீய சங்கீதம் என்று நாடு முழுக்க ஒலிபரப்ப முடியாது என்றார். அதற்குப் பதில் மெட்ராஸிலிருந்து வந்த இசைத்தட்டுப் போடலாம், நான் அறிவிப்பு மட்டும் செய்தால் போதும் என்றார். அப்படியானால் நிகழ்ச்சிக்கு 'மெட்ராஸிலிருந்து அரைமணி' என்று பெயர் மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, நாடாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அறையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். இதுதான் நான் செய்த குற்றம். இதற்குத்தான் மன்னிப்பு.

இதில் என்னைச் சுடுவது வேறு. விஷயம் எப்படியோ மலைக்கு ஏறிவிட்டது. சுருதி போய்விட்டது என்பது நாகசுரக்காரருக்கு எப்பேர்ப்பட்ட சொல் என்று உங்களுக்குத் தெரியும். முருகையா அண்ணன் நாகசுரத்தை உறையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். இரண்டு வெள்ளிக்கிழமையாகக் கோயிலில் வெறும் மணிதான். சித்ரா பௌர்ணமித் திருவிழாவுக்கும் வேறு ஆள் பாருங்கள் என்று கோயில் கமிட்டியிடம் சொல்லிவிட்டாராம்.

நாடா இன்னும் என் பையில்தான் இருக்கிறது. போட்டுக் கேட்கவில்லை. ரெங்கசாமி சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இதை உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

கம்பளிச் சட்டையை அங்கே வெயில் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இங்கே வரும்போது வேண்டும்.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்காத,
பரமேஸ்வரி


ரிங்லெட்,
18-3-1979

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கோபமாக எழுதியிருக்கிறீர்கள் என்று கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. முதலில் என் செய்தியைக் கேளுங்கள். உங்கள் கோபத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நாடாவைக் கேட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டபிறகு கதவைச் சாத்திக்கொண்டு, நிலையத்தார் என்னிடம் கொடுத்திருக்கும் டேப் ரிக்கார்டரில் போட்டேன். ஆரம்பம் நன்றாக இருந்தது. பாதித் தோடியில் தெரிந்துவிட்டது. ரெங்கசாமி பொய் சொல்லவில்லை அத்தான். ராகம் படியேறுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகிறது. கல்யாணி வரும்போது மூச்சு வாங்க ஓடுகிறது. நிறுத்திவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். அதற்குள் என்னுடைய முடிவுரை வந்துவிட்டது. யாரோ ஒன்றாம் வகுப்புப் பெண் குழந்தை அவசர அவசரமாக ஒப்பிக்கிற மாதிரி ஒரு குரல். யார் இது என்று ஒரு நொடி எனக்கே தெரியவில்லை. நான்தான்.

நாகசுரத்துக்குச் சுருதி போகலாம். எனக்கு எப்படிக் குரல் போகும்? அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நாங்கள் பதிவு செய்த நேரத்தில் ஃபேக்டரியில் கொழுந்து வாடி முடிந்து ரோலர்களை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்திருக்கிறார்கள். ஒவ்வொரு ரோலர் போடும்போதும் தோட்டத்து ஜெனரேட்டர் திணறும், லயத்தில் விளக்கு மங்கும், நமக்கெல்லாம் பழகிப்போன விஷயம். கரண்ட் திணறியபோது டேப் ரிக்கார்டரும் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததை நிலையத்திலும் பள்ளிக்கூடத்திலும் இருக்கிற அரசாங்கக் கரண்டில் சரியான வேகத்தில் போட்டால் எல்லாம் மேலே ஏறி ஓடத்தானே செய்யும். ரோலர் சத்தம் உள்ளே வராமல் கதவைச் சாத்தினேன். அது கரண்ட் கம்பி வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது. பிழை என்னுடையது, மெஷினுடையது. முருகையா அண்ணனுடையது இல்லவே இல்லை.

அவரைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே. வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அத்தைதான் போய், வாசிக்க வேண்டாம்டா, வந்து கேட்கவாவது செய் என்று அதட்டி இழுத்து வந்தார்கள். முழுவதும் போட்டேன். தலையைக் குனிந்தபடியே கேட்டார். கடைசியில் என் எலிக்குஞ்சுக் குரல் வந்ததும் தலையைத் தூக்கினார். மறுபடி போடச் சொன்னார். போட்டேன். "டீச்சருக்குமா சுருதி போச்சு?" என்று கேட்டுவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. சிரித்து முடித்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். 

மறுநாளே லீவு போட்டு, மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கி, நிலையத்துக்குப் போனேன். ரெங்கசாமியிடம் நாகசுரத்தைப் போட்டுக் காட்டவே இல்லை. என் முன்னுரையையும் முடிவுரையையும் மட்டும் அடுத்தடுத்துப் போட்டேன். நல்ல காது உள்ள மனிதர். இரண்டாவது வாக்கியத்திலேயே புரிந்துகொண்டார். சரி, மறுபடி பதிவு செய்து கொண்டுவாருங்கள் என்று ஒத்துக்கொண்டார். அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் எழுந்திருக்கும்போது ஒன்று சொன்னார். அறிவிப்பில் ஃபேக்டரி, ரோலர், தோட்டம் இதெல்லாம் வேண்டாமாம். தஞ்சை மரபில் வந்த வித்வான் என்று சொன்னால் போதுமாம். "நாடு முழுக்கக் கேப்பாங்க டீச்சர். தோட்டத்து மேளம்னு சொன்னா ரேடியோவ மூடிடுவாங்க லா. அவர் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். முருகையா அண்ணன் தஞ்சாவூரைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை என்றேன். அதனால் என்ன என்றார். நான் எப்படி எழுதிக் கொடுத்தாலும் தேவையில்லாத வரிகளை அவரே வெட்டிக்கொள்வாராம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு, உங்கள் வீட்டுக்காரர் மாறுதல் விஷயம் நினைவில் இருக்கிறது, மச்சானிடம் பேசுகிறேன் என்றார். பஸ் ஏறும்வரை எனக்குக் காது சூடாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். மகனுடைய மாறுதலையும் சேர்த்தேதான் சொன்னேன். இந்தத் தடவை அத்தை பேசினார்கள். "நானுந்தான் முப்பது வருஷம் கொழுந்து எடுத்தேன். என்னையும் மறைச்சுடச் சொல்வாரா?" என்று கேட்டார்கள்.  அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

நீங்கள் கோபித்துக்கொண்டு எழுதியதற்கு இப்போது வருகிறேன். ரேடியோவில் தோட்டத்து ஆள் ஒருவர் வாசிக்காவிட்டால் குடியா முழுகிவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களை எந்த ஊர் என்று யாராவது கேட்டால் 'கேமரன் மலை' என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள், தோட்டம் என்ற சொல் வாயில் வருவதில்லை. தீபாவளிக்கு உங்களோடு வந்த நண்பர் விஜயன், பஸ் ஸ்டாண்டிலேயே நின்று, உங்கள் பங்களா இங்கிருந்து தூரமா என்று என்னைக் கேட்டார். நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு அழைத்து வராமல் கடையிலேயே தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். அத்தை அன்றைக்கு அதிரசம் சுட்டு வைத்திருந்தார்கள். இதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

சரி. இன்று ஞாயிறு, ஃபேக்டரிக்கு ஓய்வு. ஆனாலும் ஜெனரேட்டரை நம்பவில்லை. ரோட்டோரம் இருக்கும் நம் பள்ளிக்கூடத்தில், அரசாங்கக் கரண்டில், பதிவை முடித்துவிட்டேன். சீவாளி விறைக்காமல் இருக்க அத்தை இரண்டு கரியடுப்பு மூட்டி வைத்து, விசிறியோடு மூலையில் உட்கார்ந்துகொண்டார்கள். தகரக் கூரையில் மழை விழாமல் இருக்கவேண்டுமே என்று எல்லாரும் வேண்டிக்கொண்டோம். விழவில்லை. தோடி இந்தத் தடவை என்ன தோடி என்று எழுதி விளங்கவைக்க என்னால் ஆகாது.

இன்னொன்றும் செய்தேன். வழக்கமாக அறிவிப்பைத் தனியாகப் பேசி, கொஞ்சம் இடைவெளி விட்டு, பிறகுதான் இசையைத் தொடங்குவோம். அந்த இடைவெளியில் கத்தரிக்கோலை வைத்தால் அறிவிப்பு தனியாகக் கழன்றுவிடும். இந்தத் தடவை இடைவெளியே விடவில்லை. முதலில் சுருதி பிடிக்கும் ஒத்து ஒலிக்கத் தொடங்கியது. முருகையா அண்ணன் தோடியைத் தொட்டு, கீழே நின்று இழுத்துக்கொண்டிருக்க, அதன்மேலேயே நான் பேசினேன். அவர் பெயர், செய்கிற வேலை, தோட்டத்தின் பெயர், லயத்தின் நம்பர் உட்பட. நான் முடிக்கும் சொல்லிலேயே அவர் மேலே ஏறினார். கல்யாணிக்கு முன்னும் அப்படித்தான், கந்தனுடைய தவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே. பேச்சை வெட்டினால் ராகத்தின் கழுத்தும் சேர்ந்து அறுந்துபோகும். காது உள்ள மனிதர், செய்யமாட்டார்.

நாடாவைப் பூசணம் பிடிக்காமல் அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். இன்னொரு பதிவுக்கு நேரமில்லாதபடி கடைசி நாளில்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். மாறுதல் கிடைக்காமல் போகலாம். அதற்கு என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். சித்திரை முதல் நாள் சனிக்கிழமை, மாலை ஆறு மணி. அங்கே அறையைச் சாத்திக்கொண்டு மெதுவாக வைத்துக் கேட்பதாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
பரமேஸ்வரி


ரிங்லெட்,
22-4-1979

என் அன்பு அத்தானுக்கு,

நீங்கள் எழுதியதை நேற்றிலிருந்து எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாடாவைக் கொடுத்த அன்று ரெங்கசாமி என் முன்னாலேயே போட்டுக் கேட்டார். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டிப் பார்த்தார். அப்புறம் கீழே வைத்துவிட்டு, வெட்ட முடியாதபடி வைத்துவிட்டீர்களே என்றார். ஆமாம் என்றேன். மறுநாளே சித்திரை முதல் நாள், வேறு ஏற்பாடு செய்ய நேரமில்லை. தோடியை இன்னொரு தடவை கேட்டார். என்னைப் பார்க்காமலே போய்வாருங்கள் என்றார்.

சனிக்கிழமை கோயில் முன்னால் ரேடியோவை வைத்து ஒலிபெருக்கியில் கட்டிவிட்டார்கள். தோட்டத்தின் பெயர் வந்ததும் சீட்டி அடித்தார்கள். லயத்து நம்பர் வந்ததும் அந்த லயத்துப் பெண்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள்.  முருகையா அண்ணன் மட்டும் கூட்டத்தில் இல்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டாராம். எல்லாம் முடிந்ததும் வெளியே வந்து, கல்யாணியில் ஓர் இடம் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம் டீச்சர் என்றார். ஒருவரும் ரேடியோவை மூடவில்லை அத்தான்.

மூன்றாம் நாள் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. என் சேவைக்கு நன்றியாம், இனி 'அரைமணி'யை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம், டேப் ரிக்கார்டரைத் திருப்பித் தரவேண்டுமாம். துடைத்துக் கொடுத்துவிட்டேன். அழவில்லை என்று எழுத ஆசைதான். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஆனால் காலையில் தபால்காரர் ஒரு கட்டு கொண்டுவந்தார். சிலிம் ரிவர், சுங்கை சிப்புட், கெடாப் பக்கம், எல்லாம் தோட்டத்து முகவரி. எங்கள் தோட்டத்தில் ஒருவர் புல்லாங்குழல் வாசிக்கிறார், எங்கள் கங்காணியின் மகள் வர்ணம் பாடுவாள், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இத்தனையையும் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் ரெங்கசாமியிடம்தான் போகப்போகிறேன். அவர் கதவைச் சாத்தினால் அவருக்கு மேலே இருக்கிறவரிடம் போவேன். லீவு நிறைய மிச்சமிருக்கிறது.

இனி உங்கள் கடிதம். ஆபீஸ் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் ரேடியோவை வைத்து, முழுச் சத்தத்தில் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெரியவர் நடந்து போகிறவர் நின்று, யார் வாசிப்பது, நல்ல வித்வானாக இருக்கிறாரே என்று கேட்டாராம். "எங்க தோட்டம் சார். பக்கத்து வீட்டு அண்ணன். எங்கம்மா அங்கதான் கொழுந்து எடுத்தாங்க" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படிக்கும்போது எனக்குக் குரல் நிற்கவில்லை. என்ன என்ன என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவது தடவைதான் முழுதாகப் படித்தேன். கேட்டுவிட்டு அத்தை அந்தத் தாளை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். படிக்கத் தெரியாதவர்கள், வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்கள். இன்னும் திருப்பித் தரவில்லை.

மாறுதல் இந்த வருஷம் இல்லை என்று பெரியவர் சொல்லிவிட்டதைக் கடைசி வரியில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதையும் படித்துக் காட்டினேன். அத்தை, போகட்டும் விடு என்றார்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் மாமியாரும் மருமகளும் ஒரே கட்சி.

ஆனால் சித்ரா பௌர்ணமிக்கு நீங்கள் வரவேண்டும். அம்மன் பல்லக்கின் முன்தண்டில் இடதுபக்கம் எப்போதும் உங்கள் தோள்தான். போன வருஷம் அந்த இடத்தில் சின்னையாவை நிறுத்தினார்கள். அவர் உயரத்துக்கு அம்மன் லயம் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தபடியே வந்தாள். இந்த வருஷம் யாரை நிறுத்துவது என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது, செல்வராஜு வரட்டும், அதுவரை நான் நாகசுரத்தைக் கையில் எடுக்க மாட்டேன் என்று முருகையா அண்ணன் சொல்லிவிட்டார். அவர் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும். சாமி எழும்பாமல் மல்லாரி கிடையாது. நீங்கள் வந்து தோள் கொடுக்காமல் சாமி எழும்பாது. நாங்கள் இத்தனை பேரும் கோயில் வாசலில் கைகட்டி நிற்கவேண்டியதுதான்.

ஆகையால் நாளைக்கே லீவு கேளுங்கள். என்ன காரணம் என்று கேட்டால் உடம்பு சரியில்லை, அம்மாவுக்கு முடியவில்லை என்றெல்லாம் சொல்லாதீர்கள். தோட்டத்துத் திருவிழா, சாமி தூக்கப் போகிறேன் என்று சொல்லுங்கள்.

கம்பளிச் சட்டையை மறக்கவேண்டாம். நண்பர் விஜயனையும் அழைத்து வாருங்கள். அத்தை அதிரசத்துக்கு மாவு இடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

மாரியம்மன் உங்களைப் பத்திரமாக மலையேற்றி விடட்டும்.

பஸ் சத்தத்துக்கு இப்போது நானும் வாசலுக்குப் போகிறேன்,
உங்கள் பரமு